ஒரே கூடு, வெவ்வேறு பசி



சில ஆண்டுகளுக்கு முன் லெந்து நாட்களில் நான் செய்த ஒரு தவற்றை இவ்வாரம் உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன். அப்பொழுது மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்துவந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் சபையார் அனைவரும் மாலைவரை ஒன்றும் உண்ணாமல் உபவாசிக்க வேண்டும் என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தேன். எவருக்கும் விலக்குச் சொல்லவில்லை. மூன்றாம் வெள்ளியன்று, கைக்குழந்தைக்குப் பாலூட்டி வந்த ஓர் இளந்தாய் ஜெபவேளையில் மயங்கிச் சாய்ந்தார். மடியிலிருந்த குழந்தையை அருகிலிருந்தவர்கள் தாங்கிக்கொண்டனர்.

மறுநாள் சபை மூப்பர் ஒருவர் என்னைத் தம் ரப்பர் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அவர் தேனீ வளர்ப்பவர். ரப்பர் மரங்கள் தளிர்விடும் காலம் அது. இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேடித் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. பெட்டியைத் திறந்து ஓர் அடையைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள்தான் ஐயா. ஆனால் உள்ளே இருந்து புழுவுக்கு ஊட்டுகிற ஈ மகரந்தம் தின்ன வேண்டும். வெளியே பறக்கிறதற்குத் தேன் போதும். ஊட்டுகிறதைப் பட்டினி போட்டால் புழு வளராது" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் இதைக் குறித்து வாசித்தேன். வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாளின் முதல் இரு வாரங்களில் மகரந்தத்தை மிகுதியாய் உண்கிறது. அதிலுள்ள புரதத்தைக் கொண்டே தலையிலுள்ள சுரப்பிகள் புழுக்களுக்குரிய பாலைச் சுரக்கின்றன. ஏறக்குறைய மூன்று வாரமானபின் அது உணவு தேடி வெளியே செல்லும்போது அச்சுரப்பிகள் சுருங்கிவிடுகின்றன. பறப்பதற்கு வேண்டிய சர்க்கரையே அதன் முதன்மை உணவாகிறது. முன்பு அதற்கு ஏற்றதாயிருந்த புரதச்சத்து, இப்போது அளவுக்கு மிஞ்சினால் அதன் ஆயுளைக் குறைக்கிறது என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். வயது ஒன்றாயினும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மிகவும் நீர்த்த சர்க்கரைக் கரைசலுக்கும் நாவை நீட்டுபவை பெரும்பாலும் மகரந்தம் சேர்க்கின்றன. செறிந்த இனிப்புக்கே நாவை நீட்டுபவை பூந்தேனைத் தேடிச் செல்கின்றன. இத்தனை வேறுபட்ட பசிகள் சேர்ந்தே ஒரு கூட்டின் உணவு சமநிலை பெறுகிறது.

அவரவர் தேவைக்கேற்ப மன்னா சேர்க்கப்பட்டதைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். ஆயினும் என் சபைக்கு ஒரே அளவுகோலையே நீட்டினேன்.

அன்று மாலையே அத்தாயின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் சொன்னதால்தான் இருந்தேன் ஐயா" என்றார் அவர். அச்சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. ஆதலால்தான் அது என்னை அதிகமாய்த் தைத்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனையில், அதே பீடத்தில் நின்று என் அறிவிப்பைத் திரும்பப் பெற்றேன்.

இன்று உபவாசத்திற்கு அழைக்குமுன், பாலூட்டுபவர் யார், மாத்திரை உண்பவர் யார், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர் யார் என்று விசாரிக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரே பந்தியில் வெவ்வேறு பசிகள் அமர்ந்திருக்கலாம். இவ்வாரம் பரிமாறுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.