ராத்திரி ரேடியோவில் பறை அடிக்கலாமா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் நிகழ்ச்சி சனிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கும். ஏதோ புரட்சிகரமான நேரம் என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு அடித்தால்தான் போனில் அன்றைய டேட்டா புதிதாக ஏறும். பகல் டேட்டாவை ரீல்ஸ் பார்த்தே நம் பிள்ளைகள் தீர்த்துவிடுகிறார்கள். அலைவரிசை, கோபுரம், உரிமம் எதுவும் எங்களிடம் இல்லை. ஒரு லேப்டாப், ஒரு மைக், இணையத்தில் ஓடும் ஒரு லிங்க், அவ்வளவுதான். ஏரிக்குள் வலையோடு இருப்பவர்கள் கேட்கிறார்கள். தூக்கம் வராத கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கைக்குழந்தையோடு விழித்திருக்கும் அக்காமார்கள் கேட்கிறார்கள்.

முறையான சமுதாய வானொலி வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்தலாம் என்று ஆனது. தெலங்கானாவின் மச்சனூரில் 2008இல் தொடங்கிய சங்கம் ரேடியோவைத் தலித் பெண்கள் நடத்துகிறார்கள். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது. ஆனால் இந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது என்பது அரசின் விதி. பாட்டுப் போடலாம், செய்தி சொல்லக் கூடாது! அப்படியானால் எந்தப் பாட்டைப் போடுகிறோம் என்பதுதானே செய்தி? இந்தப் புத்தி எங்களுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. வந்த அன்றே சண்டையும் வந்தது.

முதல் பாட்டாகப் பறையிசை போட வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பயிற்சி முகாம்களில் அடி கற்றவர்கள் நாங்கள். மேடையில் பறை எடுத்தால் உடம்பு சிலிர்க்கும். பட்டியலைச் சேரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, வாழ்நாளெல்லாம் மோளம் அடித்த தாத்தா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, ராத்திரியில மோளமா? வாணாம்."

"ஏன் தாத்தா? நம்ம இசை தாத்தா அது."

"உங்களுக்கு இசை. ராத்திரியில மோளச் சத்தம் கேட்டா எங்க சனம் எழுந்து குந்திக்கும். எவன் வூட்ல எழவு, எவன் வந்து கதவத் தட்டி இஸ்த்துனு போவப்போறான்னு. நான் அப்பிடிப் போனவன்."

எங்களில் ஒரு தோழருக்குக் கோபம். பறையை இழிவு என்று நாமே சொல்லலாமா என்றார். மற்றொருவர், இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில் பக்கம் பறையடிக்க மறுக்கச் சொல்லிப் போராடிய வரலாற்றை எடுத்தார். மறுத்ததும் சுயமரியாதை, மீட்டெடுத்ததும் சுயமரியாதை. புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். தாத்தாவின் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொல்ல எங்களால் முடியவில்லை. அன்று பறை போடவில்லை. கே.ஏ.குணசேகரன் குரலில் இன்குலாப்பின் 'மனுசங்கடா'வோடு தொடங்கினோம். கீழ்வெண்மணியில் 1968இல் எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினோம். அடுத்து கானா, அதற்கடுத்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. நடுவில் ஒரு அத்தை கேட்டாரென்று பழைய சோகப் பாட்டு மூன்று. அதற்குத்தான் அன்று அதிக ஹார்ட்டின் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது சண்டை நேயர் விருப்பத்தில். குப்பத்திலிருந்து ஒரு தம்பி, 'தேவர் மகன்' படத்தின் அந்தப் பெருமைப் பாட்டைக் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இந்தக் கரையில் அந்தச் சாதியே கிடையாது. அவருக்கு அது வெறும் குத்துப் பாட்டாக இருக்கலாம். 1992இல் வந்த அந்தப் படம் தன்னை எவ்வளவு அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் 2023இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டில் பேசினார். தென்மாவட்டச் சேரிகளுக்கு அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் என்னவாக வந்து சேர்ந்தது என்பது எங்களுக்குத் தெரியும். போட மாட்டோம் என்றோம். காரணத்தையும் ஒலிபரப்பிலேயே சொன்னோம். அதே இளையராஜாவின் வேறு பாட்டு இரண்டு போட்டோம். "பாட்டுக்குள்ள இன்னாடா சாதி" என்று எழுதிவிட்டுத் தம்பி போய்விட்டார்.

அவருக்கு ஏரியைத்தான் காட்ட வேண்டும். இங்கே மீன்பிடிக்கும் இடத்துக்கும் முறைக்கும் 'பாடு' என்று பெயர். யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது அதில் அடக்கம். வழிவழியாக அது பட்டினவர் குப்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்த உரிமை. சேரிக்காரர்களும் இருளர்களும் அதற்கு வெளியே. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். தண்ணீருக்குள்ளேயே சாதி இருக்கும்போது பாட்டுக்குள் இருக்காதா? ஆனால் அதே தம்பி காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிரான கூட்டத்தில் எங்கள் பக்கத்தில் நின்றவர். துறைமுகம் வந்தால் ஏரி எல்லோருக்கும்தான் போகும். அவரை இழந்துவிட்டு நிகழ்ச்சி நடத்த எங்களுக்கு விருப்பமில்லை. அவருக்காக அந்தப் பாட்டைப் போடவும் விருப்பமில்லை. மூன்று வாரம் அவர் வரவில்லை. நான்காம் வாரம் ஒரு கானா கேட்டார். பேச்சில்லாமல் போட்டோம்.

இருளர் குடியிருப்பிலிருந்து இதுவரை ஒரு விருப்பமும் வரவில்லை. போன் இல்லாமல் இல்லை. நாங்கள்தான் போய்க் கேட்கவில்லை என்று போன சனிக்கிழமை ஒரு தங்கை முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அவர்கள் கன்னியம்மாவுக்குப் பாடும் பாட்டை அவர்கள் சம்மதித்தால் பதிவு செய்யலாம். அதை எந்த நேரத்தில் ஒலிபரப்பலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

தாத்தாவிடம் மறுபடி போனோம். இந்த முறை பட்டியலைக் கையில் எடுத்துப் போகவில்லை. வெகுநேரம் பீடி பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "விடியக் காலையில போடு. வெளிச்சம் வந்தா எவனும் பயப்படமாட்டான். நானே வந்து அடிக்கிறேன். ஆனா சாவு அடி அடிக்கமாட்டேன்" என்றார்.

வேறு என்ன அடி தாத்தா என்று கேட்டதற்கு, "வந்து கேளு" என்றார். இந்த வாரம் நிகழ்ச்சி விடிகாலை ஐந்தரை வரை நீள்கிறது. டேட்டாவை மிச்சம் வையுங்கள்.