தாத்தாவின் காரும் நாங்களும்

"கோடை விடுமுறையில் நீங்கள் செய்த பயனுள்ள வேலையைப் பற்றி மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று எங்கள் தமிழாசிரியை கேட்டபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வீட்டில் பிறந்து, இதே பள்ளியில் பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கும் அக்காள் தங்கையர் நாங்கள். தோழியர் பலர் தையலையும் கேக் செய்வதையும் பற்றி எழுதுவார்கள். நாங்களோ மே மாதத்தில் நான்கு நாள்கள் ஒரு காரின்மேல் இருந்த பழைய மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வேறு எதையாவது எழுதலாமா என்றுகூட யோசித்தோம். பிறகு, இதையே எழுதிவிடுவது என்று துணிந்தோம்.

கார் எங்கள் தாத்தாவினுடையது. 1989-ஆம் ஆண்டு வாங்கிய அம்பாசிடர். உத்தரப்பாராத் தொழிற்சாலையில் அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும் எங்கள் வீட்டில் அது ஓய்வு பெறவில்லை. 2016-இல் எங்கள் ஊர்ப் பெயிண்டர் அண்ணாச்சி அதற்குக் கருநீல வண்ணம் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாத்தா ஒரு தகர டப்பாவைத் திறந்து, வண்டி முழுவதும் மெழுகு பூசித் துடைப்பார். தூத்துக்குடிக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று வண்டித் தகட்டை விடுமா?

அந்த மெழுகு கார்னாபா என்னும் பிரேசில் நாட்டுப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. கடும் வெயிலில் ஓலையின் ஈரம் காய்ந்து போகாமல் இருக்க அந்த மரம் தன்மேல் தானே பூசிக்கொள்ளும் பூச்சு அது. இதைக் கேட்ட நாளிலிருந்து, பனை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லையோ என்று எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சென்ற மே மாத இறுதியில் எங்கள் அத்தை மகளுக்குத் திருமணம். மணப்பெண் கோவிலுக்குத் தாத்தாவின் காரில்தான் போக வேண்டும் என்பது மதினியின் ஆசை. மதுரையில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் எங்கள் மாமா அதற்காகவே ஒரு புட்டி சீலன்ட் வாங்கி வந்தார். அது செயற்கைப் பாலிமரால் ஆனது. மெழுகு ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். சீலன்ட் பல மாதங்கள் நிற்கும். அப்பா ஆர்வம் தாங்காமல் மாமா எழுவதற்குள் பானெட்டில் பாதிக்குப் பூசிவிட்டார். காய்ந்தபின் பார்த்தால் திட்டுத் திட்டாக, தேமல் பிடித்த முகம்போல் இருந்தது. தண்ணீரை ஊற்றினால் ஓரிடத்தில் முத்து முத்தாக நின்றது. பக்கத்திலேயே வழுக்கிப் பரவியது.

மாமா சிரித்தார். "பழைய வாக்ஸ் மேல இது ஒட்டாது, அத்தான். பெயிண்டைத் தொட்டாத்தான் பிடிக்கும். முதல்ல எல்லாத்தையும் எடுக்கணும்" என்றார். யார் எடுப்பது? விடுமுறையில் இருந்தவர்கள் நாங்கள் இருவர்தாம். வேறு சமயமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்போம். அன்று எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

தாத்தாவுக்கும் மனம் இல்லை. "எட்டு வருசமா பூசுனதெல்லாம் வீணா?" என்று கேட்டார். மாமா பொறுமையாக விளக்கினார். எட்டு வருட மெழுகும் அடுக்கடுக்காக ஏறி நிற்பதில்லையாம். புதிய பூச்சில் இருக்கும் கரைப்பான் பழைய பூச்சையும் கொஞ்சம் கரைத்துவிடும். மிஞ்சுவது கடைசி ஒன்றிரண்டு பூச்சும், அவற்றில் ஒட்டிக்கொண்ட தூசும் உப்பும், எழுத்துகளின் இடுக்கிலும் ரப்பர் ஓரத்திலும் வெள்ளையாக உறைந்த மிச்சமும்தான். தாத்தா பதில் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காலையில் வெயில் ஏறுமுன், வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தித் தொடங்கினோம். தகடு சூடாக இருந்தால் சோப்பு காய்ந்து கறையாகிவிடும். இரண்டு வாளிகள்: ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். ஒரே வாளி என்றால், எடுத்த மணலையே திரும்பத் தேய்த்துக் கோடு போடுவோம். தினமும் காருக்கு ஆகாத பாத்திரம் கழுவும் திரவம் இந்த ஒரு நாளைக்கு ஆகும் என்றார் மாமா. எண்ணெய்ப் பிசுக்கை அது இழுக்கும். கழுவி முடித்துத் தண்ணீர் ஊற்றினோம். தாமரை இலைத் தண்ணீர்போல் இன்னும் உருண்டது. தாமரை இலையும் மெழுகுப் பூச்சினால்தான் நனைவதில்லை என்று அறிவியல் பாடத்தில் படித்ததை அங்கே கண்ணால் கண்டோம். சோப்புக்கு மெழுகு முழுதும் அசையவில்லை.

அடுத்தது மினரல் டர்பன்டைன். "தின்னரைத் தொடவே கூடாது. இது பழைய வகை என்.சி. பெயிண்ட், தின்னர் பட்டா கரைஞ்சு கையோட வந்துரும்" என்று மாமா எச்சரித்தார். டிக்கியின் உள்விளிம்பில் ஒரு சொட்டுத் தொட்டுப் பார்த்து, பெயிண்ட் இளகவில்லை என்று தெரிந்தபின்தான் வெளியே தொடவிட்டார். கையுறை போட்டுக்கொண்டோம். அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. தாத்தாவின் பீடிக்கும் அன்று தடை. நனைத்த துணியால் ஓர் அடிப் பரப்பைத் துடைப்பது, உடனே காய்ந்த துணியால் எடுப்பது, துணியை மடித்துப் புதுப்பக்கம் திருப்புவது. திருப்பாமல் துடைத்தால் இங்கே எடுத்ததை அங்கே பூசுகிறோம்.

கூரையைத் துடைத்த துணியைப் பார்த்து எங்களில் இளையவள் அலறிவிட்டாள். துணியெல்லாம் நீலம்! பெயிண்டையே எடுத்துவிட்டோமோ என்று நடுங்கினோம். இக்காலக் கார்களில் வண்ணத்தின்மேல் கண்ணாடிபோல் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கும். அவற்றைத் துடைத்தால் நிறம் வராது. எங்கள் காரில் அந்த மேல்பூச்சு இல்லை. வெயிலில் வெளிறிச் சுண்ணாம்புபோல் ஆன மேற்பரப்புத்தான் கொஞ்சம் துணியில் வந்ததாம். மாமா சொன்ன பிறகும் எங்கள் கை தயங்கியது.

இரண்டாம் நாள் மாலை இடப்பக்கப் பின்கதவுக்கு வந்தோம். அதன் அடிப்பகுதியை, சொல்லி வைத்ததுபோல், கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தோம்.

2022 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சைக்கிளைச் சுவரோரம் ஓட்டிக்கொண்டு போனபோது, பெடல் அந்தக் கதவில் உரசி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்தது. உள்ளே தகடு பளபளத்தது. அப்போது நாங்கள் ஏழாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். கருநீலக் கிரேயானை எடுத்து அந்தக் கோட்டில் அழுத்தி நிரப்பினோம். மேலே தாத்தாவின் டப்பாவிலிருந்து மெழுகு எடுத்துத் தேய்த்தோம். கண்புரை விழுந்த தாத்தாவுக்குத் தெரியவில்லை. அது மட்டுமா? மாதந்தோறும் அவரே அதன்மேல் மெழுகு பூசி எங்கள் குற்றத்தைக் காத்து வந்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் கொட்டிய பெருமழையில் வண்டியின் பாதிக் கதவுவரை வெள்ளம் நின்றது. தை மாதம் அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது. அப்பா விரலால் அழுத்த, செதில் உதிர்ந்து துரு தெரிந்தது. "அண்ணாச்சி அடியில ப்ரைமரே ஒழுங்கா அடிக்கல. பழகின மனுசன், நம்மகிட்டயே ஏமாத்திட்டாரு" என்றார் அப்பா. எங்களுக்கு இரண்டு உப்பு லாரிகள் உண்டு. ஆண்டுதோறும் எஃப்.சி.-க்கு முன் அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அண்ணாச்சிதான். 2024-இல் அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. 2025-இலும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு தின்று போகிற அண்ணாச்சி வருவதை நிறுத்திக்கொண்டார். எங்களுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

டர்பன்டைன் துணியை அந்த இடத்தில் வைத்ததும் கிரேயான் கரைந்து வந்தது. பெயிண்டின் நீலம் வேறு, கிரேயானின் நீலம் வேறு. துணியில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. கொப்புளங்களுக்கு நடுவே, அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு. மாமா குனிந்து பார்த்தார். "இது கீறல்லா! ப்ரைமர் கோளாறுன்னா அங்கங்க பொரியும், இப்படி நேர்கோடா வராது. வெளிய இருந்து தண்ணி இறங்கியிருக்கு" என்றார். அப்பாவும் வந்து பார்த்தார். "யார் கீறினது?" என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். டிரைவர் பெயரை அவர் சொல்லப்போகிறார் என்று தோன்றியதும் எங்களில் மூத்தவள், "நாங்கதாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். கிரேயானையும் சொன்னோம். அண்ணாச்சியின் பெயரைச் சொல்லும்போது குரல் வரவில்லை.

அப்பா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அப்பா முதலில் பேசினார், பிறகு நாங்கள். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கிரேயானா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை உப்புத்தாளும் ப்ரைமர் டப்பாவுமாக வந்து நின்றார். துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்க்கும் வேலை எங்களுக்கு. "மெழுகு ஒரு பொட்டு இருந்தாலும் பெயிண்ட் அங்க பிடிக்காது, மீன் கண்ணு மாதிரி விலகிரும்" என்று சுற்றிலும் மூன்று முறை துடைக்க வைத்தார். ப்ரைமர், பட்டி, மீண்டும் தேய்ப்பு, பிறகு பெயிண்ட். கூலி எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு, வழக்கமான தொகையைச் சொன்னார். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

மற்ற இடங்களை இன்னொரு முறை சோப்பு நீரால் கழுவினோம். டர்பன்டைன் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலமும் போக வேண்டுமல்லவா? இம்முறை தண்ணீர் உருளவில்லை. விரித்த துணிபோல் பரவி இறங்கியது. பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால் சின்னச் சொரசொரப்பும் தெரியும். அப்படித் தெரிந்த இடங்களில் மாமா களிமண் கட்டியைச் சோப்பு நீர் விட்டு உருட்டினார். அது கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பார். ஒட்டிய மண் கோடு போடும். கடைசியாகத் தாத்தாவை அழைத்து வந்து பானெட்டில் கை வைக்கச் சொன்னோம். அவர் கையை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, "புட்டியைக் கொண்டா" என்றார். முதல் துளியை அவர்தான் பூசினார்.

பின்கதவில் அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் சீலன்ட் இல்லை. புதுப் பெயிண்ட் ஒரு மாதமாவது ஆறட்டும், அதுவரை எதையும் பூசக் கூடாது என்பது அண்ணாச்சியின் கட்டளை. திருமணத்தன்று மாலை லேசாகத் தூறிற்று. கோவில் வாசலில் நின்ற வண்டி முழுவதும் துளிகள் முத்துக் கோத்தாற்போல் நிற்க, அந்த இடம் மட்டும் சப்பென்று நனைந்து தெரிந்தது. விருந்துக்கு வந்திருந்த அண்ணாச்சி அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து அந்த இடத்துக்கு நாங்களே பூசினோம். லாரிகளுக்கு அடுத்த எஃப்.சி. மாசியில் வருகிறது. அப்பா அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார். "பாக்கலாம்" என்றாராம்.