எடை மெஷின் எங்க இருக்கு?

மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்க ஊர் கடற்கரைக்கு வருவார். அம்மா வருஷம் தவறாம நடந்தே போவாங்க. போன வருஷம் பாதி வழியில மூச்சு வாங்கி ஒரு திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. "டாக்டர்கிட்ட போகலாம்மா"ன்னேன். "கொஞ்சம் எடையைக் குறைச்சுட்டுப் போறேன்டா"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. நாலு வருஷம் முன்னாடி காது வலின்னு ஒரு கிளினிக் போயிருக்காங்க. எடை மெஷின் வரிசைக்குப் பக்கத்திலேயே. நர்ஸ் சத்தமா "தொண்ணூத்தாறு!"ன்னு சொல்ல, பின்னாடி யாரோ சிரிச்சிருக்காங்க. டாக்டரும் காதைப் பார்க்கறதுக்கு முன்னாடி சாப்பாட்டைப் பத்தித்தான் கேட்டாராம். அதோட சரி.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல 15-49 வயசுப் பெண்கள்ல சுமார் 46 சதவீதம் பேருக்கு அதிக எடை. சிரிச்சவங்க எடை என்னவோ!

போதாக்குறைக்கு, 2024 ஏப்ரல்ல எடை குறைப்பு ஆபரேஷன்ல புதுச்சேரி இளைஞர் ஒருத்தர் இறந்த செய்தி. அம்மாவை யாரும் ஆபரேஷனுக்குக் கூப்பிடல. ஆனா அதையே காரணமா சொல்லி இன்னும் தள்ளிப் போட்டாங்க.

போன மாசம் வேற கிளினிக். முதல்ல போன் பண்ணி, எடை மெஷின் எங்க இருக்குன்னு கேட்டேன். "டாக்டர் ரூம்லதான், ஏன் தம்பி?" கூட்டிட்டுப் போனேன்.

சர்க்கரை 260. எத்தனை வருஷமா இருக்குன்னு கேட்டேன். டாக்டரால சொல்ல முடியல.