சுவர் அல்ல, தட்டி

ஆங்கிலத்தில் 'டிரைவால்' எனப்படுவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உலர்சுவர்' என்று வரும். இலக்கணப்படி அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அச்சொல்லை நம்பித் தொலைக்காட்சிப் பெட்டியை மாட்டினால், ஒருநாள் அது தரைக்கு வந்துவிடக்கூடும். சென்ற மாதம் எங்கள் வீட்டில் 43 அங்குலப் பெட்டி ஒன்றை மாட்டியபோது இதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது. மொழியியல் படித்தவனுக்குத் தச்சு வேலையில் என்ன அக்கறை என்று கேட்ட நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் ஹைதராபாத்தில் அக்காவின் குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்கிறேன். வாடகை வீடு. கூடத்தின் ஒரு பகுதியை ஜிப்சம் பலகையால் தடுத்து, வீட்டுக்காரர் ஓர் அறையைக் கூட்டியிருக்கிறார். பட்டி பார்த்து வண்ணம் பூசியிருப்பதால், பார்வைக்குச் செங்கல் சுவருக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. அக்கா மகளுக்கு மூன்று வயது. மேசைமேல் வைத்த பெட்டியை அவள் பிடித்து இழுக்கிறாள் என்பதால்தான் மாட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அதற்கு வாய்த்த இடம் அந்தத் தடுப்பு ஒன்றுதான். அவள் பாய் விரித்து விளையாடும் இடமும் அதன் அடியில்தான்.

கடையிலிருந்து வந்த இளைஞர், நான்கு துளையிட்டு பிளாஸ்டிக் பிளக்குகளைச் செருகினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார். அக்கா விரல் கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே வெறும் கூடாக இருக்கிறதே தம்பி" என்றாள். அவரை அனுப்பிவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த பீகார்த் தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். அவரும் ஒருமுறை தட்டினார். பிறகு இந்தியில் சொன்னார்: "இது தீவார் இல்லை சார், பார்ட்டிஷன். தன்னைத் தாங்கிக்கொள்ளும், வேறெதையும் தாங்காது."

அன்றைக்கு நான் கேட்ட மிகத் துல்லியமான பொருள் வரையறை அதுதான். 'டிரைவால்' என்னும் பெயர் அமெரிக்காவில் எழுந்தது. அங்கே முன்பு மரச்சட்டங்களின்மேல் ஈரச்சாந்து பூசி, அது உலரும்வரை காத்திருந்து அறைச்சுவர்களை முடிப்பார்கள். ஆலையில் செய்த பலகைகள் வந்தபின் அந்த ஈரவேலை ஒழிந்தது. ஆகவே அது 'உலர்' சுவர். பெயர் கட்டியவரின் வேலைமுறையைச் சொல்கிறதே ஒழிய, சுவரின் வலிமையைச் சொல்லவில்லை. பிரிட்டனில் அதையே 'பிளாஸ்டர்போர்டு' என்பார்கள். அது மூலப்பொருளின் பெயர். தச்சரின் சொல் ஒன்றே அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சொல்கிறது.

உள்ளே இருப்பது எளிய அமைப்பு. இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்து அழுத்திய பலகை, பெரும்பாலும் 12.5 மி.மீ கனம். அதைத் தாங்குபவை துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த செங்குத்துத் தண்டுகள். நம் நாட்டில் இவற்றைப் பொதுவாக 610 மி.மீ இடைவெளியில் நிறுத்துகிறார்கள். தண்டுகளுக்கு இடையே வெற்றிடம். செங்கல்லில் திருகை முடுக்கும்போது பிளக் விரிகிறது. சுற்றியுள்ள செங்கல் அதை இறுக்கிப் பிடிக்கிறது. ஜிப்சத்திலோ அதே விரிவு சுற்றியுள்ள பொருளைப் பொடியாக்குகிறது. நம் மின்பணியாளர்கள் 'ராவல் பிளக்' என்பது, 1910களில் அதைப் பரப்பிய ஜான் ஜோசஃப் ராவ்லிங்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரிலிருந்து வந்த சொல். தச்சர் அதைக் 'கிட்டி' என்றார். இந்தியில் சல்லிக்கல்லுக்கும் அதே சொல்தான். எப்பெயரில் அழைத்தாலும் அது கல்லுக்கும் செங்கல்லுக்கும் உரிய கருவி.

இணையக் காணொளிகளும் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. அமெரிக்க வீடுகளில் பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் மரச்சட்டங்கள் இருக்கும். பொதுவாக 16 அங்குல இடைவெளி. தடித்த திருகு ஒன்றை நேரே மரத்துக்குள் முடுக்கச் சொல்வார்கள். அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள நம் தகட்டில் அத்திருகுக்குப் பிடிமானம் கிடையாது.

எடையைவிட நெம்புதல்தான் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது. பெட்டியின் எடை 10 கிலோ, மாட்டும் சட்டத்தின் மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் இடைவெளி 20 செ.மீ என்று கொள்வோம். சுவரிலிருந்து 5 செ.மீ மட்டும் தள்ளி நிற்கும் தட்டைச் சட்டத்தில், மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 2.5 கிலோ. அதே பெட்டியை 40 செ.மீ நீளும் மடக்குக் கையில் மாட்டினால் 20 கிலோ. அதைப் பிடித்து 14 கிலோ எடையுள்ள குழந்தை தொங்கினால் 48 கிலோ. ஆகவே தட்டைச் சட்டம் போதும் என்று தீர்மானித்தோம்.

தச்சர் செய்தது இதுதான். வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் ஒப்புதல் பெற்றபின், அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். சுவிட்சுப் பெட்டிக்கு மேலும் கீழும் நேர்கோட்டில் கம்பி ஓடக்கூடும் என்பதால் அப்பகுதியை விலக்கினார். சிறு காந்தம் ஒன்றைச் சுவரில் நகர்த்தினார். பலகையைத் தண்டோடு பிணைத்த திருகுகள் இருக்குமிடத்தில் அது ஒட்டிக்கொண்டது. ஒன்றன்கீழ் ஒன்றாக அப்புள்ளிகளைக் குறித்தபோது மூன்று தண்டுகளின் கோடுகள் தெரிந்தன. மூன்றையும் தொடும்படி நாலேகால் அடி நீளத்தில் 18 மி.மீ ஒட்டுப்பலகை வெட்டி, தானே துளையிட்டுக்கொள்ளும் திருகுகளால் ஒவ்வொரு தண்டிலும் பல இடங்களில் பிணைத்தார். அதன்பின் சட்டத்தை ஒட்டுப்பலகையில் பொருத்தினார். பெட்டியை ஏற்றுமுன் இரு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். தொங்கும் கம்பிகளைக் குழந்தைக்கு எட்டாதபடி ஒதுக்கிக் கட்டியது அக்கா.

வேலை முடிந்தபின் எனக்குள் எஞ்சியது கலைச்சொல் பற்றிய கேள்வி. 'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்கிற நம் மொழியில் சுவர் என்றால் உறுதி. 'உலர்சுவர்' என்று ஆக்கும்போது அந்த உறுதியையும் சேர்த்து வாக்களித்துவிடுகிறோம். ஆனால் ஓலையாலோ மூங்கிலாலோ முடைந்து, இடத்தை மறைக்கவும் பிரிக்கவும் நிறுத்துவதற்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் உண்டு: தட்டி. அதில் யாரும் பாரத்தை மாட்ட மாட்டார்கள். மாட்டியே ஆகவேண்டுமானால், தட்டியைக் கட்டியிருக்கும் காலில் மாட்டுவார்கள். ஜிப்சம் பலகையைத் தட்டி என்றும், உள்ளிருக்கும் தண்டைக் கால் என்றும் சொன்னால், செய்முறைக் குறிப்பின் பாதி அச்சொற்களிலேயே அடங்கிவிடுகிறது. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல்லின் பகுதி விகுதிகளைப் பிரிக்குமுன், அப்பொருளைக் கையாள்வோரிடம் அது என்ன தாங்கும் என்று கேட்கலாம்.

இதைப் படிப்பவர்களில் பலர் இத்தகைய தடுப்பறைகளில்தான் குடியிருக்கிறீர்கள். புத்தக அலமாரிக்கும் இதே கணக்குத்தான். உங்கள் பகுதித் தச்சரும் கொத்தனாரும் இத்தடுப்பையும் உள்ளிருக்கும் தண்டையும் எச்சொற்களால் குறிக்கிறார்கள் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். தொகுத்து வைக்க விரும்புகிறேன்.