எந்த ஊர் பத்து மணி?

கல்யாணமோ, காதுகுத்தோ, எதுவானாலும் இப்போதெல்லாம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நேரில் வருகிறார்கள். மீதிப் பேர் செல்போனில் வருகிறார்கள். எங்கள் காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் கேட்கும் பிள்ளையார்பாளையம் பக்கம்கூட, ஒரு பெண்ணாவது பிள்ளையாவது கடல் தாண்டிப் போகாத குடும்பம் குறைவு. பத்திரிகையோடு வீடியோ லிங்க்கையும் அனுப்பிவிடுகிறோம். 'காலை 10 மணி' என்று போட்டுவிடுகிறோம். எந்த ஊர் பத்து மணி என்று யாரும் போடுவதில்லை.

என் மாமனார் காலமானது ஒரு மார்கழி மாதத்தில். நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு உடனே விமான டிக்கெட் கிடைக்கவில்லை. வீடியோக்காரர் ஒரு வலைப்பக்கம் ஏற்பாடு செய்து, அதில் 'ஞாயிறு காலை 10.00' என்று போட்டிருந்தார். அவ்வளவுதான், ஊர் பெயர் இல்லை. நமக்கு ஞாயிறு காலை பத்து என்றால் அந்தக் குளிர் மாதத்தில் அங்கே சனிக்கிழமை இரவு பதினொன்றரை. நாத்தனார் ஞாயிறு காலையில் குளித்து, விளக்கேற்றி, அவள் ஊர் பத்து மணிக்கு உட்கார்ந்தாள். அப்போது இங்கே இரவு எட்டரை. எல்லாம் முடிந்து, வீடு கழுவிவிட்டு, நாங்கள் ஆளுக்கொரு மூலையில் சுருண்டிருந்தோம்.

இருபது வருஷமாக அங்கே இருப்பவளுக்குக் கணக்குத் தெரியாதா என்று ஒரு பெரியம்மா கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நாத்தனார் பிறகு சொன்னாள்: "இங்க நான் பார்க்கிற பக்கமெல்லாம் நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தியே காட்டும் அண்ணி. இதுவும் மாத்தினதுதான்னு நினைச்சுட்டேன். ராத்திரி எட்டரைக்கு யாராவது எடுப்பாங்களான்னு அப்ப எனக்குத் தோணவே இல்லை." அப்பாவின் முகத்தைக் கடைசியாக அவள் பார்த்தது பதிவில்தான்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பிள்ளையிடம் இதற்கு வழி கேட்டேன். "ரொம்ப சுலபம்மா" என்றான். நிகழ்ச்சியின் நேரத்தை உலகத்துக்குப் பொதுவான ஒரே கணக்கில், அதாவது யூ.டி.சி. என்ற நேரத்தில் குறித்து வைப்பார்களாம். நம் காலை பத்து அதில் நாலரை. பக்கத்தை யார் திறந்தாலும், தான் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்பது அவர் செல்போனுக்கே தெரியும். அந்தந்த ஊருக்கு மாற்றிக் காட்டிவிடும். நம் நேரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் பட்டியலில் உள்ள பெயர் 'ஏசியா, கொல்கத்தா'. காஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தா பெயரில் நேரம் பார்க்கிறோம்! 'ஐ.எஸ்.டி.' என்று சுருக்கி எழுதினால் போதாதா என்றேன். கூடாதாம். அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும்கூடத் தங்கள் நேரத்தை அதே மூன்றெழுத்தில்தான் சுருக்குகிறார்களாம்.

இந்த இந்திய நேரமும் ஆதிகாலத்து வழக்கமில்லை. 1906-ல் வந்தது. அதற்கு முன் சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது. இப்போதைய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பிந்தி. காஞ்சி இன்னும் மேற்கே இருப்பதால் நம் சூரியன் கடிகாரத்துக்குச் சராசரியாகப் பதினோரு நிமிஷம் பின்தங்கித்தான் உச்சிக்கு வருகிறான். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டிகளுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அவர்கள் யாருக்கும் லிங்க் அனுப்பவும் இல்லை!

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவையை வைத்துப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு நாம் செல்போனைத் தூக்கிப் பிடித்தால், சிங்கப்பூரில் ஆறரை, சிட்னியில் எட்டரை. லண்டனிலோ முதல் நாள் இரவு பதினொன்றரை, நியூஜெர்சியில் முதல் நாள் மாலை ஆறரை. மணி மட்டுமில்லை, தேதியே மாறுகிறது. அதனால் கிழமையும் தேதியும் சேர்ந்து வராத நேரத்தை நான் இப்போது நம்புவதில்லை.

பங்குனி உத்திரம் இன்னும் மோசம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. சிட்னியில் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். 'நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம்' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தால் வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் தப்பாகிவிடும். எந்த நாளில் என்ன வித்தியாசம் என்று ஊர் பெயரை வைத்துக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நாம் விரல் விட்டு எண்ண வேண்டாம்.

ஒன்றை மட்டும் அதனிடம் விடக்கூடாது. நம் ஊர் ராகு காலத்தை அமெரிக்க மணிக்கு மாற்றி அங்கே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தைக் கொண்டது. அங்குள்ளவர்களுக்கு அங்கத்திய பஞ்சாங்கம்தான். திதி அப்படியில்லை. அமாவாசை முடியும் நொடி உலகத்துக்கே ஒன்று. அது அவர்கள் ஊரில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு விழுகிறது என்பதுதான் வேறு.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வீடியோக்காரரிடம் சொல்லும்போதே, 'பார்ப்பவர் ஊர் நேரமும் வரணும், பக்கத்திலேயே இந்திய நேரமும் இருக்கணும்' என்று கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் மாற்றியதா, மாற்றாததா என்ற சந்தேகம் வரும். வெளியூர் போயிருப்பவரின் செல்போன் பழைய ஊர் நேரத்திலேயே நின்றிருக்கவும் கூடும். பக்கம் தயாரானதும், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைத் திறக்கச் சொல்லி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தை மாதம் அக்கா பேத்தியின் வளைகாப்புக்கு அப்படித்தான் செய்தோம். நேரம் காலை பத்து. சிட்னியிலிருந்து மச்சினர் படித்தார்: "எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணரைன்னு காட்டுது, சரிதானே அண்ணி?"

சரிதான். அங்கே அப்போது கோடைக்காலம்.