எங்கள் வீட்டுக்கு வந்த ரைஃபிள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், மனவாட்டூ வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் குடியேறிப் பத்தாண்டுகள் ஆகின்றன. எங்களில் ஒருவர் திண்டுக்கல் பக்கம்; மற்றவர் கீழக்கரை. ஒருவர் வீட்டில் அத்தா, அம்மா. மற்றவர் வீட்டில் வாப்பா, உம்மா. ஒருவர் ஹனஃபி, மற்றவர் ஷாஃபி. திருமணமான நாளிலிருந்து இவ்வேறுபாடுகள் எங்களுக்குச் சிரிப்புக்கே பயன்பட்டு வந்தன. வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோதுதான் முதன்முதலாக அவை கனமாகத் தோன்றின.

பேச்சைத் தொடங்கியவர் கணவர். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய மேய்ச்சல் நிலத்தில் இரவில் மான்கள் இறங்கிப் புல்லை மேய்ந்துவிடும். அவர் அவற்றைச் சுடுவார், ஒன்றிரண்டை உண்பார், மற்றவை அங்கேயே கிடந்து அழுகும். இந்நாட்டில் மான் விருந்தாளி. வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இம்மண்ணுக்குச் சொந்தமில்லை. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகிக் காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்த்ததால், 1930களிலிருந்து அரசே ஆள் வைத்துச் சுட்டது. இன்றும் பெரும்பாலான இடங்களில் இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பு கிடையாது. அரசுக் காட்டில் வேட்டையாட அனுமதிச் சீட்டு வேண்டும், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் இசைவு வேண்டும், அவ்வளவே.

இவற்றுள் ஓர் இனம் எங்களுக்கு உறவு போன்றது. 1870களில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த மிளா, இதே மனவாட்டூக் கரையில்தான் விடப்பட்டது. கணவரின் பாட்டனார் சிறுமலை அடிவாரத்தில் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தவர். 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்தபின் எண்ணெய் தடவி வாங்கி வருவதுமே அதன் வாழ்க்கையாயிற்று. பாட்டனார் பார்த்த மிளாவைப் பேரன் இந்நாட்டுப் பனிமூட்டத்தில் முதன்முறை கண்ட நாளில்தான் ஆசை முளைத்தது என்று நினைக்கிறோம்.

வேண்டாம் என்றவர் மனைவி. காரணத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச்சின் அந்நூர் பள்ளியிலும் லின்வுட் பள்ளியிலும் ஜும்ஆவுக்கு வந்தவர்கள் 51 பேர் கொல்லப்பட்டார்கள். நாங்கள் வேறு தீவில் இருந்தோம். எங்கள் ஊர்ப் பள்ளியில் தொழுகை முடிந்து காலணி அணிந்துகொண்டிருந்த கணவருக்கு மனைவியிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. நாடெங்கும் பள்ளிவாசல்களின் கதவுகளை மூடச் சொன்னது காவல்துறை. அதன்பின் பல மாதங்கள், வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் நிற்க, நாங்கள் தொழுதோம். அவ்வாறிருக்க, அதே வகைப் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, பிள்ளைகள் உறங்கும் அறைக்குப் பக்கத்தில் வைப்பதா?

"அது வேற துப்பாக்கி, இது வேற துப்பாக்கி" என்றார் கணவர்.

"குண்டுக்கு அது தெரியுமா மச்சான்?" என்றார் மனைவி.

கணவர் சொன்னதிலும் உண்மை உண்டு. கொலைக்குப் பயன்பட்டவை விசையை இழுக்க இழுக்கத் தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. அவற்றில் பெரும்பாலானவற்றை நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள் தடை செய்தது. போல்ட் ரைஃபிள் அப்படியன்று. கைப்பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, முன்தள்ளி, கீழே திருப்பினால்தான் ஒரு தோட்டா குழலுக்குள் செல்லும். அடுத்த தோட்டாவுக்கு மீண்டும் அந்த நான்கு அசைவுகள். ஜெர்மனியின் மாவ்சர் 1898இல் அமைத்துக் கொடுத்த முறையே சிறுசிறு மாறுதல்களுடன் இன்றும் தொடர்கிறது. வேட்டைக்காரர் ஒரு குண்டோடு வேலையை முடிக்க வேண்டும் என்பதே அதன் இயல்பு. ஆயினும் ஒரு குண்டு போதும் என்பதும் உண்மைதானே.

வாக்குவாதம் எங்களுக்குள் முடியவில்லை. அதிகாரி ஒருவர் வந்தபோதுதான் முடிந்தது. இங்கே உரிமம் துப்பாக்கிக்கு அன்று, ஆளுக்கு. பாதுகாப்புத் தேர்வு எழுத வேண்டும், பயிற்சி வகுப்புக்குச் செல்ல வேண்டும். அதன்பின் வீட்டுக்கு வந்து பெட்டகத்தைப் பார்ப்பார்கள். விண்ணப்பித்தவரின் இணையரையும் உறவல்லாத இன்னொருவரையும் விசாரிப்பார்கள். வந்தவர் பண்பானவர். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மனைவியிடம் கேட்டார்: "இவர் கையில் துப்பாக்கி இருந்தால் இந்த வீட்டில் நீங்கள் அச்சமின்றி இருப்பீர்களா?"

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. "அவரைப் பற்றி எனக்கு அச்சமில்லை. அந்தப் பெட்டகத்தின் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கலாமா?" என்று திருப்பிக் கேட்டார். கூடாது என்றார் அதிகாரி. உரிமம் இல்லாதவருக்குச் சாவி எட்டக் கூடாது. அது மனைவியானாலும் சரி, மக்களானாலும் சரி. ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு மனைவி கேட்ட அடுத்த கேள்வி, அடுக்களை சன்னலுக்கு வெளியே நின்ற கணவருக்கும் கேட்டது: "அப்படியானால் எனக்கும் உரிமம் வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது?"

என் வீட்டில் நான் திறக்க முடியாத பெட்டி ஒன்று இருக்கக் கூடாது என்பதே அவர் வாதம். ஆசையால் ஒருவரும் அச்சத்தால் ஒருவரும் ஒரே பாடத்தைப் படித்தோம். பாதுகாப்பு விதிகள் ஏழு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருத வேண்டும் என்பது முதல் விதி. மது அருந்தியோ போதையிலோ தொடாதே என்பது ஏழாவது. அதைப் படித்தபோது வகுப்பிலிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "உங்களுக்கு ஆறு விதிகள்தான்" என்று சிரித்தார். தேர்வில் மனைவி கணவரைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றார் என்பதை இங்கே பதிவு செய்யுமாறு எங்களில் ஒருவர் வற்புறுத்துகிறார். இருவருக்கும் உரிமம் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. முதல் உரிமம் ஐந்தாண்டுகளுக்கு.

வாங்கப் போனபோது எல்லாம் மாறியிருந்தது. கணவர் மனத்தில் முன்பே தேர்ந்து வைத்திருந்தது .308 வின்செஸ்டர், 1952இலிருந்து உலகெங்கும் புழங்கும் தோட்டா, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இப்போது அந்த ரைஃபிள் இரண்டு தோள்களுக்குப் பொருந்த வேண்டும். மனைவி ஐந்தடி. கடையில் எடுத்துப் பார்த்த பெரும்பாலானவற்றின் பின்கட்டை அவர் கைக்கு நீளம். தொலைநோக்கியில் கண் வைத்தால் ஓரத்தில் கருநிழல் விழும். கழுத்தை நீட்டிச் சுட்டால் பின்னுதைப்பில் தொலைநோக்கி புருவத்தைக் கிழிக்கும். வேட்டைக்காரர் பலர் புருவத்தில் பிறை வடுவோடு திரிவது அதனால்தான். புதிதாக வாங்குவோருக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எந்தத் தோட்டா வலியது என்பதைவிட, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்துத் திறந்தால் தொலைநோக்கி நடுவில் தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

ஆகவே .308இன் உறையையே கழுத்தில் ஒடுக்கி அமைத்த 7 மி.மீ.-08க்கு வந்தோம். உதை சற்றுக் குறைவு, மானுக்குத் தாராளம். மூன்றாவது கடையில் பழைய ரைஃபிள்களின் வரிசையில் ஜப்பானிய ஹோவா 1500 ஒன்று நின்றது. மரக்கட்டை. முன்பு வைத்திருந்தவர் தம் மகளுக்காகக் கட்டையை ஓர் அங்குலம் அறுத்துக் குறைத்திருக்கிறார். மகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டாளாம். மனைவி எடுத்துத் தோளில் வைத்தார். நிழலில்லை.

கடைக்காரர் எங்களைத் தடுக்கவே பார்த்தார். மரம் மழையில் ஊதும், குறி நகரும். கருமை பூசிய எஃகு துருப்பிடிக்கும். இந்த ஈரக் காட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகும் செயற்கைக் கட்டையுமே ஏற்றவை என்றார். நியாயமான பேச்சுதான். நாங்கள் போல்ட்டைக் கழற்றி, குழலின் உள்ளே விளக்கடித்து வரிகள் கூர்மையாக இருப்பதைப் பார்த்தோம். குழலின் வாய்விளிம்பில் அடிபட்ட தடம் இல்லை. போல்ட்டைப் பூட்டும் காதுகளின் தேய்மானம் இருபுறமும் சமம். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்புத் தாழ் போட்டு விசையை அழுத்தினால் அசையவில்லை. வாங்கினோம். தொலைநோக்கி, அதைப் பொருத்தும் வளையங்கள், காதுக்கும் அயலாருக்கும் இதமான சைலன்சர் (இந்நாட்டில் அதற்குத் தடையில்லை), பெட்டகம் எல்லாம் சேர்ந்தபோது ரைஃபிளின் விலையை மிஞ்சிவிட்டன. வாங்கிய 30 நாட்களுக்குள் அதன் எண்ணை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அன்றிரவே ஏற்றினோம்.

தோட்டா வாங்குவதில்தான் மார்க்கம் குறுக்கே வந்தது, வந்ததே நல்லதாயிற்று. இறகில்லாத அம்பைக் கொண்டு வேட்டையாடுவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் அதீ பின் ஹாத்திம் (ரலி) கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. கூரிய முனை குத்திக் கொன்றால் உண்ணலாம். அகலப் பக்கம் மோதிக் கொன்றால் உண்ணலாகாது என்பது விடையின் சாரம். களிமண் உருண்டையால் அடித்துக் கொன்றது கூடாது என்பதில் எங்கள் இரு மத்ஹபுகளுக்கும் சண்டை இல்லை. துப்பாக்கிக் குண்டு எந்தப் பக்கம்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன், ஈயக் குண்டுக்குக் கூர் இல்லை, அது எரித்தும் நசுக்கியுமே கொல்கிறது, ஆகவே ஆகாது என்றார். அதே காலத்தில் யமனில் வாழ்ந்த ஷவ்கானி, அது உடலைத் துளைத்துச் செல்கிறது, ஆகவே ஆகும் என்றார். அவர்கள் அறிந்தது உருண்டை ஈயம். இன்றைய வேட்டைக் குண்டு முனை கூரியது, துளைப்பது; ஆகவே இக்கால ஆலிம்கள் பலர் ஷவ்கானியின் பக்கம் நிற்கிறார்கள். எனினும் இந்தியத் துணைக்கண்டத்து ஹனஃபி உலமாக்களில் பலர் இன்றும் முதற்கருத்திலேயே இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியின் ஹஜ்ரத்திடம் கேட்டோம். சுடும்போது பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். உயிரோடு எட்டிப் பிடித்தால் அறுத்துவிடுங்கள், அப்போது எந்தக் கருத்து வேறுபாட்டுக்கும் இடமில்லை. எட்டுமுன் இறந்தால் அனுமதிக்கும் கருத்து வலுவானது, மனம் ஒப்பாதவர் விட்டுவிடலாம் என்றார். ஷாஃபிக்கு பிஸ்மில் சுன்னத். ஹனஃபி வேண்டுமென்றே விட்டால் இறைச்சி கூடாது. ஆகையால் ஹனஃபிதான் உரக்கச் சொல்ல வேண்டும் என்று மனைவி கேலி செய்தார். ஈயக் குண்டு இறைச்சிக்குள் துகள்களாய்ச் சிதறும் என்பதால், பிள்ளைகளை எண்ணிச் செம்புக் குண்டையே வாங்கினோம். விலை கூடுதல். 100 மீட்டர் தூரத்துக்குக் குறி அமைத்து முடிக்க ஒரு பெட்டியும் அரை நாளும் தீர்ந்தன.

முதல் மான் ஏப்ரலில் விழுந்தது. முதியவரின் பண்ணையோரம், தொண்ணூறு மீட்டர் இருக்கும். கன்று இல்லாத பெண் மான் என்பதையும் அதன் பின்னே மேட்டு மண் இருப்பதையும் இருவரும் தனித்தனியே பார்த்து உறுதி செய்துகொண்டோம். பிஸ்மில் சொன்னவர் கணவர், சுட்டவரும் அவரே. நாங்கள் எட்டுமுன்பே அதன் கண் மங்கிவிட்டது. வெகுநேரம் அருகில் உட்கார்ந்திருந்தோம். மனைவி அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது. இரண்டாவது மானை, மே மாதத்தில், மனைவி சுட்டார். அது நாற்பதடி ஓடி விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கணவர் ஓடிச் சென்று அறுத்தார்.

ஜூனில் திண்டுக்கல்லிலிருந்து அம்மா எங்களோடு மூன்று மாதம் தங்க வந்தார்கள். எங்கள் உறைபெட்டியில் இரண்டு தட்டுகள். மேல்தட்டில் முதல் மான், கீழ்த்தட்டில் இரண்டாவது. ஒளிப்பதற்கு எதுவுமில்லை, இரண்டின் கதையையும் சொன்னோம். தலைமுறையாகக் கேட்டு வந்த மஸ்அலாவை இந்த வயதில் மாற்றிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. எங்களைத் தடுக்கவும் இல்லை. கீழ்த்தட்டுக் கறியைத் தாமே எடுத்து, மிளகு அரைத்து, தேங்காய் எண்ணெயில் வறுத்தார்கள். மேல்தட்டை நாங்கள் உண்ணும் நாளில் பருப்பாணமும் அப்பளமும் போதும் என்றார்கள்.

ஊர் திரும்பும் முன்நாள், பெட்டகத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தோட்டாக்கள் வேறிடத்தில் பூட்டியிருந்தன, போல்ட்டும் தனியே. மரக்கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒங்க பாட்டனாரோடது இதைவிடக் கனம்" என்றார்கள். பிறகு மகனைப் பார்த்து, "அடுத்த தடவ கொஞ்சம் வெரசா ஓடுத்தா" என்றார்கள்.

"போல்ட்டத் தொறந்துட்டு ஓடச் சொல்லுங்க மாமி" என்றார் மருமகள்.