பரங்கிமலையும் இரண்டு எழுத்துக்களும்

உலகத்தில் பைத்தியங்கள் பலவிதம். சிலருக்குச் சங்கீதப் பைத்தியம்; சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். நமக்கு வாய்த்திருப்பதோ இரட்டைப் பைத்தியம். ஆகாய விமானத்தின் சப்தம் கேட்டால் நம் கழுத்து தானாகவே மேலே திரும்பும். காமிராவைக் கண்டால் கை தானாகவே நீளும். இவ்விரண்டும் ஒரே ஆசாமியிடம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டார் நன்கு அறிவார்கள். மொட்டை மாடியில் உலர்த்திய வடாத்துக்குக் காவலாக நம்மை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. அதன் படம் வெகு நேர்த்தியாக விழுந்தது. வடாம் காக்கைகளுக்குப் போயிற்று.

அன்று முதல் இந்தத் தொழிலை வீட்டில் வைத்துக் கொள்ளக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் பரங்கிமலைக்குப் போவது வழக்கம்.

சென்னையில் இருந்தும் பரங்கிமலை ஏறாதவர்கள் ஏராளமானவர்கள் உண்டு. மலை என்றதும் பயந்து விட வேண்டாம். உயரம் சுமார் 300 அடிதான். மின்சார ரயிலிலோ மெட்ரோ ரயிலிலோ வந்து இறங்கி, அடிவாரம் வரை நடந்து, நூற்றுச் சொச்சம் படிகள் ஏறினால் உச்சி வந்துவிடும். அங்கே போர்த்துகீசியர்கள் 1523-ல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. மரங்களின் நிழலும் கடற்காற்றும் இலவசம். பக்தர்கள் கிழக்கே பார்த்துக் கொண்டு பிரார்த்தனை செய்கிறார்கள். நாம் தெற்கே பார்த்துக் கொண்டு காத்திருக்கிறோம். ஏனென்றால், தெற்கிலேதான் மீனம்பாக்கம் விமான நிலையம் விரிந்து கிடக்கிறது.

விமானத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்களுக்கு இந்த மலை ஓர் ஆச்சரியத்தை வைத்திருக்கிறது. கிழக்கேயிருந்து இறங்கும் விமானங்கள் மலைக்குத் தெற்கே தாழ்ந்து வரும்போது, ஏறக்குறைய நம் கண் மட்டத்துக்கே வந்துவிடுகின்றன. ஆனால் எல்லா நாளும் அப்படி வருமென்று எதிர்பார்க்கக் கூடாது. விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். மேல் காற்றடிக்கும் ஆனி, ஆடி மாதக் காலை வேளைகளில் அவை கிழக்கேயிருந்து இறங்கும். வாடைக் காற்றுக் காலத்தில் மேற்கேயிருந்து இறங்கி, கிழக்கு நோக்கி ஏறிப் போகும். பஞ்சாங்கம் பார்க்காமல் விமானப் படம் பிடிக்கக் கிளம்புகிறவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

சூரிய பகவானுடைய தயவும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், விமானம் வெறும் கறுப்பு நிழலாகத்தான் படத்தில் விழும். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டால் ஓடுபாதையின் மேலே கானல் எழும்பும். பிறகு எடுக்கிற படத்தில் விமானம் தண்ணீருக்குள் கிடப்பது போல் நெளியும். ஜெட் விமானத்துக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் காமிராவின் கண் திறந்தால் போதும். முன்னால் விசிறி சுழலும் சிறு விமானத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. விசிறி அசையாமல் நின்றுவிட்டது போலப் படம் விழுந்து, பார்க்கிறவர்களுக்குத் திகில் உண்டாகும். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு வைத்தால் விசிறி சுழல்வது தெரியும். நம் கை நடுங்கினால் அதுவும் சேர்ந்து தெரியும்!

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தம்பியின் பிள்ளையும் கூட வந்தான். வயது பத்து. படம் பிடிப்பதை விட, பிடித்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்தான் அவனுக்கு அக்கறை. பதினைந்து படங்களைப் பார்த்து முடித்ததும் கேட்டான்:

"பெரியப்பா! எல்லா விமானத்திலும் வால் பக்கத்தில் வி.டி., வி.டி. என்றே எழுதியிருக்கிறதே! அப்படி என்றால் என்ன?"

"அது நம் தேசத்து விமானத்தின் அடையாளம்" என்றோம்.

"இந்தியாவுக்கு முதல் எழுத்து ஐ அல்லவா? பாரதத்துக்குப் பி அல்லவா? வி.டி. எங்கிருந்து வந்தது?"

நாம் விழித்தோம். பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நம்மைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, "வைஸ்ராய் டெரிட்டரி, தம்பி! வைஸ்ராயின் ராஜ்யம் என்று அர்த்தம். வெள்ளைக்காரன் போட்ட சூடு, இன்னும் ஆறவில்லை" என்றார்.

பையன் முகம் சிவந்துவிட்டது. "நமக்குத்தான் 1947-லேயே சுதந்திரம் வந்துவிட்டதே, பெரியப்பா!" என்றான். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அன்று அதற்கு மேல் ஒரு படமும் பிடிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக, எத்தனையோ ஆயிரம் படங்களில் அந்த இரண்டு எழுத்துக்களும் தெளிவாக விழவேண்டுமென்று பாடுபட்டிருக்கிறோம். அவற்றின் பொருள் என்னவென்று ஒரு நாளாவது யோசித்தோமா?

வீட்டுக்கு வந்து விஷயத்தைத் துருவிப் பார்த்தோம். பெரியவர் சொன்னதில் கோபம் நியாயமானது, வியாக்கியானந்தான் சரியில்லை. ரேடியோவில் இன்ன தேசத்துக்கு இன்ன எழுத்து என்று உலக தேசங்கள் கூடிப் பங்கிட்டுக் கொண்டன; 1927-ல் வாஷிங்டனில் கூடிய மகாநாட்டில் அந்தப் பங்கீடு உறுதியாயிற்று. வி என்று ஆரம்பிக்கும் எழுத்துக்களில் பெரும் பகுதி பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கைக்குப் போயிற்று. அதில் ஆஸ்திரேலியாவுக்கு வி.எச். கிடைத்தது, இந்தியாவுக்கு வி.டி. முதலானவை கிடைத்தன. ஆஸ்திரேலியாவில் ஏது வைஸ்ராய்? ஆகவே வைஸ்ராய் கதை பின்னால் ஜனங்கள் கட்டியது என்றே கொள்ள வேண்டும். ஆனால் சாம்ராஜ்யத்தின் பந்தியில் நமக்குப் போட்ட இலை அது என்பதில் சந்தேகம் இல்லை.

1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் சின்னஞ்சிறு 'பஸ் மாத்' விமானத்தில் பறந்து வந்தாரே, நம் தேசத்து விமானப் போக்குவரத்துக்கு அதுவல்லவா பிள்ளையார் சுழி? அந்தத் தபாலைப் பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்ஸென்ட் கொண்டு வந்தார். அந்த விமானத்தின் மேலும் இதே வி.டி.தான் இருந்தது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பாகிஸ்தான் ஏ.பி. என்று மாற்றிக் கொண்டது. பர்மா எக்ஸ்.ஒய். என்று வைத்துக் கொண்டது. இலங்கை விமானங்கள் '4 ஆர்' என்ற அடையாளத்துடன் பறக்கின்றன. மலேசியா '9 எம்'. ஆஸ்திரேலியா மாத்திரம் பழைய வி.எச்.-ஐயே வைத்துக் கொண்டிருக்கிறது. அதைப் பற்றி அங்கே யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

நமக்கு ஐ கிடைக்காது. அது இத்தாலியின் சொத்து. பி சீனாவின் சொத்து. ஹிந்துஸ்தானத்தின் பெயரால் எச்.ஐ. கேட்கலாமென்றால், அதை டொமினிகன் குடியரசு எடுத்துக் கொண்டுவிட்டது. அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ரேடியோ எழுத்துப் பங்கீட்டில் வி.டி. வரிசையோடு கூட, ஏ.டி. முதல் ஏ.டபிள்யூ. வரையுள்ள எழுத்துக்களும் இந்தியாவுக்கே சொந்தம். பாகிஸ்தானின் ஏ.பி. வரிசை முடிகிற இடத்தில் நம்முடைய ஏ.டி. ஆரம்பிக்கிறது. ஒரே வீட்டில் பாகப் பிரிவினை ஆன அண்ணன் தம்பிகளைப் போல், அங்கே கூட அடுத்தடுத்த கட்டுத்தானே! பெட்டியில் புது வேஷ்டி இருக்கும்போது, பழையதையே கட்டிக் கொண்டு கல்யாணத்துக்குப் போகிறோம்.

மாற்றுவது சுலபமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கணக்கான விமானங்களுக்குப் புதிதாக வர்ணம் பூச வேண்டும். குத்தகைப் பத்திரம், இன்ஷ்யூரன்ஸ் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அதுவரையில் விமானம் கொட்டகையில் நிற்க வேண்டும். இதெல்லாம் செலவுதான். ஆனால் 1947-ல் மாற்றியிருந்தால் எவ்வளவு சொற்பச் செலவில் முடிந்திருக்கும்! 2023-ஆம் வருஷத்தில் மாத்திரம் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. நாள் ஆக ஆகச் செலவு குறையுமா, கூடுமா என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அடுத்த வாரம் பையனை மறுபடியும் மலைக்கு அழைத்துப் போனோம். நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம். கூடவே அந்த மலையின் கதையையும் சொன்னோம். 1802-ல் பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரி வில்லியம் லாம்ப்டன் தேசத்தை அளப்பதற்காக முதல் சங்கிலியைப் போட்டது இந்தப் பரங்கிமலை அடிவாரத்தில்தான். ஏழரை மைல் நீளத்துக்கு அளந்தார்கள். இங்கே ஆரம்பித்த அளவை வேலை இமயமலை வரை போயிற்று. உலகத்தின் உயர்ந்த சிகரம் எது என்று கணக்குப் போட்டுக் கண்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி என்பது பிரசித்தம். சிகரத்துக்குக் கிடைத்த பெயரோ எவரெஸ்ட் துரையுடையது!

பையன் சற்று நேரம் யோசித்தான். "அவன் அளந்தது தப்பா, பெரியப்பா?" என்றான்.

"அளவு தப்பில்லை. அதை வைத்துக்கொண்டுதான் ரயில் போட்டோம், அணை கட்டினோம். அளந்தவன் வைத்த பெயரை மாற்றுவதா, வேண்டாமா என்று யோசித்து முடிவு செய்ய வேண்டியது நாம். யோசிக்காமலே விட்டுவிட்டோமே, அதுதான் தப்பு" என்றோம்.

இதைச் சொல்லும்போது நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நாம் உட்கார்ந்திருந்த மலைக்கே பரங்கி மலை என்றுதானே பெயர்!

அப்போது கிழக்கே ஒரு புள்ளி தெரிந்தது. வரவரப் பெரிதாயிற்று. பையன் காமிராவை நம் கையிலிருந்து வாங்கிக் கொண்டான். காலை வெயில் பட்டு விமானத்தின் வால் பளபளத்தது. 'கிளிக்' என்ற சப்தம் கேட்டது. நடுக்கமில்லாத கை; வெகு நேர்த்தியான படம். பெரிதாக்கிப் பார்த்தான். வி.டி. என்ற எழுத்துக்கள் துல்லியமாக விழுந்திருந்தன.

"இதை அழித்து விடாதீர்கள், பெரியப்பா" என்றான். "நான் பெரியவனான பிறகு இதே இடத்திலிருந்து இன்னொரு படம் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்."

அந்தப் படத்தை அச்சுப் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு சட்டம் போடும் அளவுக்கு இடமும் விட்டு வைத்திருக்கிறோம்.